நாற்பத்தாறு கியூ

புரத வரிசையில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சிவப்பாக்கிக் காட்டும் மென்பொருளை எழுதியவள் சுகிர்தா. ஒரு குறிப்பிட்ட புரதத்தில், குளூட்டமைன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும் கியூ என்ற எழுத்து நாற்பதைத் தாண்டித் தொடர்ந்தால், நடுவயதில் கைகால் சொன்னபடி கேட்காமல் போகும் நோய் வந்தே தீரும். நோயாளிகளின் மாதிரிகளுக்கு முன், ஒப்பிட்டுச் சரிபார்க்க ஊழியர் ஒருவரின் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை செய்த ஆய்வகத்து வழக்கம். குழாயில் பெயர் இருக்காது, ‘நலம்’ என்று மட்டும் எழுதியிருக்கும்.

‘நலம்’ நாற்பத்தாறு காட்டியது.

“மென்பொருள்லதாம்மா தப்பு, சரி பண்ணு,” என்றார் தலைவர் இருதயராஜ்.

மூன்று நாள் திருத்தினாள். நாற்பத்தாறு இருபதாக இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் அதன்பின் ஓட்டிய, நோய் உறுதியான பதினோரு பேரும் நலம் என்றே வந்தார்கள். திருத்தங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். பதினோரு பேருக்கும் நோய் திரும்பியது. ‘நலம்’ மறுபடி நாற்பத்தாறு. திரையில் விரல் வைத்து எண்ணினாள். மென்பொருள் ஓர் எழுத்தைக்கூடத் தவறவிடவில்லை.

இருதயராஜ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. “இந்தத் தடவை யாரும்மா ரத்தம் குடுத்தது? அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல் சுகிர்தா கையை உயர்த்தினாள். முழங்கை மடிப்பில், பிய்த்துப்போட மறந்த வட்டப் பிளாஸ்திரி. அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.