இன்னொரு முட்டைக்கு இடம்

காகம் கூடு கட்டுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, ஆய்விதழ் ஆசிரியரான ஆந்தையிடம் கொடுத்தது. ஆந்தை காகத்தின் பெயரை மறைத்துவிட்டு, இரண்டு பறவைகளிடம் கருத்துக் கேட்டு அனுப்பியது. அவை யாரென்று காகத்திடமும் சொல்லவில்லை. அதுதான் அந்த இதழின் வழக்கம்.

கருத்துகள் வந்தன.

"அடியில் குச்சிகளை இன்னும் நெருக்கி வைத்தால்தான் காற்றுக்குத் தாங்கும்" என்றது முதலாவது. காகம் யோசித்துப் பார்த்துத் திருத்திக்கொண்டது.

"அருமையான கட்டுரை. ஆனால், கூட்டில் இன்னொரு முட்டைக்கும் இடம் விட வேண்டும் என்று சேர்க்கவும்" என்றது இரண்டாவது.

காகம் அதை இரண்டு முறை படித்தது.

"இதற்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்டது ஆந்தை.

"முடியாது என்று எழுதுங்கள். அப்படியே குயிலை நான் நலம் விசாரித்ததாகவும் சொல்லுங்கள்."