திரும்பி வரமாட்டார்

எபினாவின் முகத்தில் சோகம் போதவில்லை என்றார் ஆசிரியர் தோகாவா சென்செய்.

ஜப்பானின் கனாசவாவில் ஒரு பல்கலைக்கழகம். கணக்கியல் மூன்றாம் ஆண்டுக்கு மென்திறன் தேர்வு. மனைவியை இழந்தவர் வரி ஆலோசகரிடம் வருகிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

மனைவியை இழந்தவராக நடிக்க வேண்டியவர் பனியில் மாட்டிக்கொண்டார். துறை அலுவலகத்தில் நகலெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் எபினாவை இழுத்துவந்து உட்காரவைத்துவிட்டார்கள்.

சென்செய் முன்பு விமானப் பணிப்பெண்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவர். இப்போது இரங்கக் கற்றுக்கொடுக்கிறார்.

தலை பதினைந்து பாகை சாய வேண்டும். நான்கு விநாடி மௌனம். பிறகு தணிந்த குரலில் அனுதாபம். துக்கம் கேட்கும்போது 'அடிக்கடி' போன்ற இரட்டைச் சொல் வந்தால் துக்கமும் திரும்ப வருமாம். ஒரு மதிப்பெண் போச்சு.

பதினொரு பேர் வந்தார்கள். பதினொரு தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்தன.

ஒருவன் மௌனத்தை மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணினான். ஒருத்திக்குக் கண்ணீரே வந்துவிட்டது. முழு மதிப்பெண்.

கடைசியாக, பன்னிரண்டாவதாக நகுமோ. இதில் தவறினால் வேலைக்கான பரிந்துரைக் கடிதம் கிடையாது. அவள் தலை சாயவில்லை.

மனைவி என்றைக்கு இறந்தார் என்று கேட்டாள். எபினாவிடம் கொடுத்திருந்த தாளில் தேதி இல்லை.

செப்டம்பர் இருபத்திரண்டு என்றான். வீட்டில் பியானோ சொல்லிக்கொடுத்தாள் என்றும் சொன்னான்.

"அப்ப அவங்க வரிக் கணக்க நாலு மாசத்துக்குள்ள நீங்கதான் கொடுக்கணும். வர்ற வியாழன் கடைசி நாள். தனியா பண்ண வேணாம், நான் கூட வர்றேன்."

சென்செய் மணியடித்தார்.

மௌனம் பூஜ்யம். அனுதாபம் பூஜ்யம். எதிரில் இருப்பது மனுஷனா, கோப்பா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. மதிப்பெண் தாளின் கடைசிக் கட்டத்தில், 'வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்' என்பதில் குறியிட்டார்.

காது சிவக்க நகுமோ வெளியேறினாள்.

எபினாவையும் அவர் விடவில்லை. "பொண்டாட்டிய பறிகொடுத்தவன் இப்படியா உக்காந்திருப்பான்? தபால் ஆபீஸ் வரிசையில இருக்கிற மாதிரி இருக்கீங்க."

அடுத்த முறை முயல்வதாகச் சொல்லிவிட்டு, எபினா தன் பையை எடுத்துக்கொண்டான்.

நடையின் கோடியில், காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள் நகுமோ. அவன் வருவதைக் கண்டு கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் பைக்குள்ளிருந்து, மனைவி பெயருக்கு வரி அலுவலகத்திலிருந்து வந்து, நான்கு மாதமாகப் பிரிக்காத ஓர் உறையை எடுத்தான்.

"நகுமோ-சான், வியாழன்னு சொன்னீங்களே. என்னென்ன காகிதம் கொண்டுவரணும்?"