நாலு கிலோ அதிகம்

"நாலு கிலோ அதிகமா இருக்கு சார். இந்தப் பெரிய எஞ்சினைப் போட முடியாது" என்றார் தராசு.

விமானக் கொட்டகையில் எஞ்சின் பொருத்தும் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. அனுமதித்த எடைக்கு மேல் ஒரு ஸ்பானர் கூடினாலும் விமானத்தை வெளியே தள்ள விடமாட்டார். மூலையில் நொறுங்கிக் கிடக்கும் இறக்கையை யாராவது பார்த்தால், "இதை ஓட்டினவரும் ஒரு கிலோதானேன்னுதான் கேட்டாரு" என்பார். அதற்கு மேல் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

கணக்கு வாத்தியார் திறந்தார். லீவு நாளெல்லாம் இங்கேயே கிடந்து, தன் கையாலேயே அவர் கட்டிய குட்டி விமானம் அது. முன்னால் அவர், பின்னால் அவர் மனைவி, அவ்வளவுதான் இடம். எஞ்சின் மட்டும்தான் பாக்கி.

"நானே எட்டு கிலோ இளைச்சுட்டேண்ணே. பெட்ரோல் டேங்கையும் சின்னதா மாத்தியாச்சு."

"அதெல்லாம் சேர்த்துத்தான் சொல்றேன். பேசாம சின்ன எஞ்சினைப் போட்டுக்குங்க. பாதி எடைதான். சரக்கு கையிலேயே இருக்கு. ஞாயித்துக்கிழமையே அவங்களைக் கூட்டிட்டுப் பறக்கலாம்."

வாத்தியார் அந்தச் சின்ன எஞ்சினையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடுவானத்துல நின்னாலும் நின்னுடும்னு சொன்னீங்களே?"

"பொய் சொல்ல மாட்டேன். நிக்கலாம்."

"அப்போ வேண்டாம். வீட்டுல சின்னப் பொண்ணு இருக்கா. எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

தராசுக்குச் சுருக்கென்றது. எனக்கு என்கிறாரே, பின்னால் உட்காரும் பொண்டாட்டிக்கு ஆனால் பரவாயில்லையா? படித்த மனிதர், ஆனால் சரியான சுயநலம்.

"பெரிய எஞ்சின் வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள அவங்களை நாலு கிலோ குறைக்கச் சொல்லுங்க. இனிப்பை நிறுத்தினாலே பாதி போயிடும்."

"குறைஞ்சிடும். ஆர்டர் போட்டுடுங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. என் வீட்டுக்காரியும் கல்யாணம் ஆனதுலேருந்து சொல்லிட்டுதான் இருக்கா, முள்ளு மேலதான் ஏறுது. அப்புறம் வந்து என் காலைப் பிடிச்சாலும் விட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

வாத்தியார் விமானத்துக்குள் குனிந்தார். பின் இருக்கையின் பெல்ட்டை எடுத்து, அளவைக் குறைத்து இறுக்கினார். பிறகு, போதாது என்பதுபோல் இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

"குறையலைன்னா என்ன சார் பண்ணுவீங்க?" என்றார் தராசு, விடாமல்.

"டாக்டர் கையை விரிச்சுட்டாருண்ணே. எடை தானா குறைஞ்சிடும். எஞ்சின் வர்ற வரைக்கும் அவ இருந்தா போதும்."