கடைசிச் சன்னல்

புது நூலகத்தின் மாடியில் ஐந்து சன்னல்கள். நான்கின் கீழ்ச்சுவர் இடுப்பளவு இருக்க, கடைசிச் சன்னலுக்கு மட்டும் முழங்கால் உயரம்தான். பளபளக்கும் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, காலை வெயில் படிந்த அந்தச் சுவர்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் மடக்கி, மூன்று பேர் நெருக்கியடித்துப் படிக்கிறார்கள். பக்கம் புரளும் ஓசை மட்டும் கேட்கிறது. அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார் மனைவியோடு தள்ளி நிற்கிறார். “இதுக்கா இன்ஜினியர்கிட்ட அவ்வளவு திட்டு வாங்குனீங்க?” என்கிறாள் அவள். “மெதுவா பேசு. இந்த ஒரு சுவருக்கு மட்டும் அளவை மறந்து பாதியில நிறுத்திட்டேன்.” படித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, நகர்ந்து இடம் விடுகிறாள். “வந்து உக்காருங்கக்கா. இத்தனை சன்னல்ல இது ஒண்ணைத்தான் யாரோ யோசிச்சுக் கட்டியிருக்காங்க.” மனைவி முழங்கையால் இடிக்கிறாள். கொத்தனார், யோசித்துக் கட்டியவரின் முகத்தை வைத்துக்கொண்டு, மெல்ல உட்காருகிறார்.