ஜெசிந்தாவின் கால்

ஒரகடத்திலிருந்த அந்த செல்போன் தொழிற்சாலையில், திங்கட்கிழமைதோறும் மேற்பார்வையாளர் ஒரு தொழிலாளியின் வலியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினால் போதும், தொழிலாளிக்கு வலிப்பது மேற்பார்வையாளருக்கும் வலிக்கும்.

இந்த வாரம் மேற்பார்வையாளர் இளம்பரிதி ஜெசிந்தாவைத் தேர்ந்தெடுத்தார். எல்லோரும் நின்று வேலை செய்யும் வரிசையில் அவள் மட்டும் நாற்காலி கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். வெறும் சாக்கு என்று மூன்று முறையும் மறுத்தவர் அவர்தான்.

எட்டு மணிக்குப் பட்டையைக் கட்டினார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை காய்ச்சிய கம்பியை யாரோ இழுத்ததுபோல் இருந்தது. டீ நேரத்துக்குள் தூணைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். எதிரே ஜெசிந்தா பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து, தம் அறை நாற்காலியை உருட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அவளிடம் போனார்.

"உட்காரும்மா. இந்த வலியோட எப்படிம்மா நிக்கிற?"

அவள் பதறிப்போனாள்.

"ஐயோ, முதல்ல நீங்க உட்காருங்க சார். எனக்கு இன்னிக்கு வலி கம்மிதான்."