பச்சை ஃபார்ட்டீன்

"ஏமாத்துக்காரின்னு நான் சொல்லலை. ஆனா நாலு வருஷத்துல ஏழு தடவை குலுக்கல்ல கறித்தட்டைத் தூக்கிட்டுப் போயிருக்கா. ஏழுல ஒண்ணுகூட அவ நம்பர் இல்லை!"

புல்தரையில் பந்து உருட்டுகிறவர்களின் பௌல்ஸ் கிளப்புக்குப் புதுச் செயலாளரான கிளெம், பார் ஓரமாக நின்று ரகசியம் சொன்னார். ரகசியம் என்று அவருக்கு நினைப்பு. பாதி ஹாலுக்குக் கேட்டது.

"மெதுவா பேசு மனுஷா," என்றாள் பீர் ஊற்றிக்கொண்டிருந்த ரோண்டா. "தெல்மா அங்கதான் உட்கார்ந்திருக்கா."

"இருந்தா என்ன? அவளுக்கு எங்க கேட்கப்போவுது!"

"அதான் காதுல ஆபரேஷன் பண்ணிட்டாங்களே. முதல்ல உன் காதைக் காட்டு. டிவி சத்தம் தாங்காம உன் பொண்டாட்டி கார் ஷெட்டுல போய் உட்கார்ந்துக்கறாளாம்."

"என் காதுக்கு என்ன கேடு? ஜனங்கதான் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறாங்க."

மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த தெல்மாவுக்கு எல்லாம் கேட்டது. அட்சரம் பிசகாமல் கேட்டது.

பத்து வருஷமாக அவளுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் குருவிச் சத்தம் போச்சு. அப்புறம் வாசல் மணி. அப்புறம் ஃபோனில் மகள் குரல். உதட்டைப் பார்த்துப் பார்த்தே ஒப்பேற்றி வந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலக் கறிச்சீட்டுக் குலுக்கலில் மட்டும் அந்த வித்தை பலிக்காது. நம்பர் கூப்பிடும் டார்சிக்கு மீசை அப்படி. உதடு இருக்கிற இடமே தெரியாது.

அவர் ஃபிஃப்டீன் என்பார். இவள் ஃபிஃப்டியைத் தூக்கிக்கொண்டு "எனக்கு!" என்று ஓடுவாள். டார்சி சீட்டைப் பார்ப்பார், ஹாலைப் பார்ப்பார். ஃபிஃப்டீனை வைத்திருக்கும் புண்ணியவான் பீரை உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்ப்பார். "சரிதான், தெல்மாவுக்கே!" என்று தட்டு கைமாறிவிடும்.

ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் தெல்மா ஒருத்திக்குத்தான் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

'அப்போ நான் ஒரு தடவைகூட ஜெயிக்கவே இல்லையா?'

முகம் சுருங்கிப் போனாள் பாவம். அதிர்ஷ்டக்காரி என்று எத்தனை பீற்றிக்கொண்டிருக்கிறாள்! தட்டில் வந்த ஆட்டுத் தொடையை ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் சுட்டுப் பாதித் தெருவைக் கூப்பிட்டுப் போட்டிருக்கிறாள். கிளெமே இரண்டு தடவை வந்து எலும்புவரை சப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

மெல்போர்னில் ஆபரேஷன் முடிந்து, காதுக்குப் பின்னால் மிஷினை மாட்டி முடுக்கிய அன்றைக்கு எல்லார் குரலும் தகரக் கூரைமேல் காக்கட்டூக் கிளி கத்துகிற மாதிரிதான் கேட்டது. "இதுக்கா மண்டையைத் திறந்தீங்க?" என்று அழுதேவிட்டாள். காது டாக்டரம்மா விடவில்லை. வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு தர்ட்டீன், தர்ட்டி, ஃபார்ட்டீன், ஃபார்ட்டி என்று மூன்று மாசம் பிராணனை வாங்கினாள். போன வாரம்தான் இருபதுக்கு இருபது. அந்தத் தெம்பில்தான் இன்றைக்குக் கிளப்புக்கு வந்திருந்தாள்.

கிளெம் மைக்கைப் பிடுங்கினார்.

"இன்னியிலேர்ந்து புது ரூல்! ஜெயிச்சவங்க நம்பரை மைக்ல சத்தமா படிக்கணும். தப்பு நம்பரோட வந்தா ரெண்டு மாசம் சீட்டு கிடையாது!"

எல்லாரும் தெல்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டார்சி சீட்டு உருளையைச் சுற்றிவிட்டு உள்ளே கையை விட்டார்.

"பச்சை... ஃபார்ட்டீன்!"

தெல்மா தன் சீட்டைப் பார்த்தாள். பச்சை. பதினாலு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பதினாலேதான்! சொந்தக் காதில் கேட்ட சொந்த நம்பர்.

'வாடா கிளெம், படிக்கிறேன் பார்!' நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எனக்கு! எனக்குத்தான்!"

குரல் அவளுடையது இல்லை. கிளெம் சீட்டை ஆட்டிக்கொண்டு ஓடினார். தான் போட்ட ரூலைத் தானே மீறலாமா? மைக்கில் கணீரென்று படித்தார்.

"பச்சை, ஃபார்ட்டி!"

ரோண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். டார்சி சீட்டைப் பார்த்தார், வழக்கம்போல ஹாலைப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் முழிக்கறீங்க?" என்றார் கிளெம். "டார்சி, நீ என்ன நம்பர் சொன்னே?"

கேட்டுவிட்டுச் சிரித்தார். புரியாததைப் புரிந்த மாதிரி காட்டிக்கொள்ள ஒரு சிரிப்பு உண்டே, அந்தச் சிரிப்பு. தெல்மா பத்து வருஷம் சிரித்த சிரிப்பு.

அப்படியே உட்கார்ந்தாள். கையிலிருந்த சீட்டைக் கசக்கிக் கைப்பைக்குள் போட்டாள்.

"ஃபார்ட்டின்னுதான் சொன்னார்," என்றாள் ஹால் முழுக்கக் கேட்கும்படி. "என் புதுக் காதால நானே கேட்டேன்!"

டார்சியின் மீசை இரண்டு தடவை துடித்தது.

"தெல்மாவுக்கே கேட்டிருச்சுன்னா அப்புறம் என்ன? சரிதான், கிளெமுக்கே!"