லிஃப்ட் நின்ற எட்டாவது மாதம்

"அவ்வளவு அக்கறை இருந்தா, தலைவர் பதவியை நீங்களே எடுத்துக்கோங்களேன்," என்றார் குடியிருப்போர் சங்கத் தலைவர் போனில். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

"சரிங்க, எடுத்துக்கறேன்," என்றாள் டெலிபோன் அக்கா.

முப்பது வருடம் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்ததால் அந்தப் பெயர். வயது அறுபத்தெட்டு. சின்ன வயதிலேயே போலியோவில் வலது கால் சூம்பிப்போனது. ஆனால் காலில் இரும்புச் சட்டத்தைப் பூட்டி, கையில் ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டால் ஊரையே சுற்றி வந்துவிடுவாள். வீடுதான் ஐந்தாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் நின்றுபோன இந்த எட்டு மாதத்தில் அவள் ஒருநாள்கூடத் தெருவை மிதிக்கவில்லை.

நடமாட்டம் இல்லாமல் சர்க்கரை ஏறிவிட்டது. நன்றாக இருந்த இடது காலும் வீங்க ஆரம்பித்துவிட்டது. வாரம் இரண்டு தடவை பிசியோதெரபிக்குப் போவதும் நின்றுவிட்டது. போன வாரம் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு மாதம் இப்படியே உட்கார்ந்திருந்தால் முட்டி மடங்கினபடியே இறுகிவிடும், அப்புறம் அக்கா எழுந்து நிற்கவே முடியாது என்று சொல்லியிருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கைக்கு அதன் பிறகு தூக்கமே இல்லை.

லிஃப்டைச் சரிசெய்ய கம்பெனிக்காரர்கள் தயார். சங்கத்தில் நிதியும் இருந்தது. நிர்வாகிகள் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அந்த எட்டுப் பேரும் கீழ் இரண்டு தளத்துக்காரர்கள். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி போய்விடும் என்று ஒரு விதி உண்டு. வேலை முடிந்து அலுத்துச் சலித்து மாடியேறிய மேல்மாடிக்காரர்கள் மறுபடி கூட்டத்துக்கென்று இறங்கவில்லை. ஒவ்வொருவராகப் பதவி இழந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதத்தோடு தங்கை கீழே போனாள். தலைவர் வீட்டு ஹாலில் எட்டுப் பேரும் சோபாவில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். படி ஏறி இறங்கினால் இதயத்துக்கு நல்லது என்றார் கனத்த சரீரம் கொண்ட செயலாளர். இந்தக் காலத்தில் யாருக்கும் உடம்பு வளைவதில்லை என்றார், முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்ட பொருளாளர். தங்கை கடிதத்தைத் தலைவரிடம் நீட்டினாள்.

வாராவாரம் வரும் போன் தொல்லை இத்தோடு விட்டது என்று தலைவருக்கு ஒரே குஷி. புதுத் தலைவர் தேர்வு ஏகமனதாக முடிந்தது. மினிட்ஸ் நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அதையும் சிரித்தபடியே போட்டார்கள்.

ஐந்து மாடி ஏறி மூச்சிரைக்க வந்த தங்கை, கைப்பையை மேஜைமேல் வீசினாள்.

"உன்னைக் கோமாளி ஆக்கிட்டாங்க அக்கா. நீ தலைவர் ஆனா என்ன, ஆகாட்டி என்ன? அந்த எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டாதானே லிஃப்ட் ஓடும்? கீழ இறங்கவே முடியாதவ, அவங்களை எப்படிப் போட வைப்பே?"

"நோட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு. கைதட்டி வேற சிரிச்சாங்க."

"அது போதும். நீ முதல்ல சாப்பிடு," என்றாள் அக்கா.

தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை அப்போதுதான் அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னாள். அக்கா குனிந்து தன் காலைத் தடவிவிட்டுக்கொண்டாள். பிறகு சாப்பாட்டை எடுத்துவைக்கச் சொன்னாள்.

மறுநாள் காலை தங்கை வேலைக்குக் கிளம்பும்போது அக்கா போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பழைய ஆபீஸ் குரல் திரும்பியிருந்தது.

புதன்கிழமை லிஃப்ட் கம்பெனி ஆட்கள் வந்து இறங்கினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐந்தாம் மாடியில் லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்து உள்ளே விளக்கு எரிந்ததைத் தங்கை நம்பாமல் பார்த்தாள். அக்கா இரும்புச் சட்டத்தைப் பூட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி உள்ளே போனாள்.

கீழே பழைய தலைவர் காத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் நல்லபடியாக ஓடுகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். இனிமேல் ஒருநாள்கூட நிற்கக் கூடாது, மாதாமாதம் ஆள் வந்து பார்க்க ஏற்பாடு செய்துவிடலாம் என்று அவராகவே சொன்னார். செயலாளரும் பொருளாளரும் பலமாகத் தலையாட்டினார்கள். தங்கைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வாசல் படியைத் தாண்டி அக்கா தெருவில் கால் வைத்தாள். வெயில் முகத்தில் பட்டதும் வாய்விட்டுச் சிரித்தாள். பிசியோதெரபிக்குப் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தங்கை கேட்டாள்.

"எட்டுப் பேரும் ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டாங்களாமே. அப்படி என்ன சொல்லி மிரட்டினே?"

"மிரட்டறதா? எட்டுப் பேருக்கும் போன் பண்ணி மரியாதையா அழைச்சேன்," என்றாள் அக்கா. "சங்கக் கூட்டம் எப்பவும் தலைவர் வீட்லதானே நடக்குது? இனிமே அது வாராவாரம் நடக்கும், ஞாயித்துக்கிழமை தவறாம அஞ்சாவது மாடிக்கு வந்துடுங்கன்னு சொன்னேன்."